போமற் செய்யாமல் பழுது கண்ட கடை: யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக் கணினிச் சேவை

கணினித் திரையின் மூலையில் வைஃபை அடையாளம் முழுமையாகத் தெரிகிறது, இணைப்பு உண்டு என்று விண்டோஸ் சொல்கிறது, ஆனால் உலாவியில் எந்த இணையத்தளமும் திறப்பதில்லை. எங்கள் வீட்டு மேசைக் கணினிக்கு அண்மையில் வந்த இந்தப் பழுதைத் திருத்துவதற்கு ஸ்ரான்லி வீதியிலுள்ள ஒரு கணினிக் கடையின் வீட்டுச் சேவையை அழைத்தோம். அந்தச் சேவை எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது. கடையின் பெயரை விட அவர்கள் வேலை செய்த முறையையே இங்கே விரிவாக எழுதுகிறேன். கணினியைத் திருத்தக் கொடுக்கும் எவரும் எந்தக் கடையையும் அந்த முறையைக் கொண்டே எடைபோடலாம்.

முதலில் நாங்கள் போனது வேறொரு கடைக்கு. கணினிப் பெட்டியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் மேசையில் வைத்தவுடனேயே, மின்சாரம் கொடுத்துப் பார்க்காமலேயே, விண்டோஸ் பழுதாகிவிட்டது, போமற் செய்தால், அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றினால், சரியாகிவிடும் என்று சொன்னார்கள். கோப்புகளைப் பிரதி எடுத்து வைப்பதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். எங்கள் கணினியில் சனசமூக நிலையத்தின் பல ஆண்டுக் கணக்குகளும் அதன் வாசிகசாலைப் புத்தகப் பட்டியலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டு இருக்கின்றன. பாமினி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யுனிகோட் முறையிலான எழுத்துரு அன்று. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குவியல்தான் தெரியும். ஆகவே கோப்புறைகளைத் திருப்பிப் போட்டுத் தருவது மட்டும் போதாது. எழுத்துருக்கள், விசைப்பலகை மென்பொருள், பழைய அச்சுப்பொறிக்கான இயக்கி ஆகிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடி மீண்டும் ஏற்ற வேண்டும். இவற்றைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காத இடத்தில் கணினியை விட்டுவர மனம் வரவில்லை.

ஸ்ரான்லி வீதிக் கடையினர் தொலைபேசியிலேயே விசாரணையைத் தொடங்கினார்கள். “இதே வைஃபையில உங்கட போனில தளங்கள் திறக்குதோ, ஐயா? மொபைல் டேற்றாவை நிற்பாட்டிப்போட்டுப் பாருங்கோ” என்பதுதான் முதற் கேள்வி. மொபைல் டேற்றாவை நிறுத்தச் சொன்னது மிகவும் பொருத்தமானது. அதை நிறுத்தாமல் பார்த்தால், வைஃபை வேலை செய்யாதபோது கைபேசி தானாகவே மொபைல் இணைப்புக்கு மாறிவிடும், நாமும் வீட்டு இணைப்பு நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம். கைபேசியில் தளங்கள் திறந்தன. அந்த ஒரே விடையால் இணைய நிறுவனம், வீட்டுக்கு வரும் கேபிள், ரவுட்டர், மாதப் பொதியின் மீதி ஆகியவை பெரும்பாலும் சந்தேகத்திலிருந்து நீங்கிவிட்டன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி மின்னலுக்கு ரவுட்டர் பழுதாவது இங்கே வழக்கம் என்பதால் எங்கள் வீட்டில் முதலில் ரவுட்டர் மீதே சந்தேகம் இருந்தது. புதிய ரவுட்டர் வாங்கும் செலவை இந்தக் கேள்வி தடுத்தது. அடுத்து, ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையா, எல்லாத் தளங்களுமா என்று கேட்டார்கள். இறுதியாக, அண்மையில் எதையாவது நிறுவினீர்களா, நீக்கினீர்களா, வைரஸ் கார்ட் ஏதேனும் எச்சரிக்கை காட்டியதா என்று கேட்டார்கள். வைரஸ் கார்ட் ஏதோ ஒரு நிரலைப் பிடித்து அகற்றியதாக அறிவித்தது வீட்டாருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இவ்வளவுக்கும் கட்டணம் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர் இளைஞர். அவர் எதையும் மாற்றுவதற்கு முன், இருப்பது என்ன என்பதை முழுவதும் பார்த்தார். முதலில் கணினிக்குக் கிடைத்திருந்த உள்ளக முகவரியைப் பார்த்தார். அது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள், எங்களுடையது 192.168 என்று ஒழுங்காகவே இருந்தது. பின்னர் கட்டளைத் திரையைத் திறந்து, கூகுள் 2009ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் பொதுப் பெயர்ச் சேவையகமான (தளப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் கணினி) 8.8.8.8 என்ற முகவரிக்கு, பதில் வருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையைக் கொடுத்தார். பதில் வந்தது. கணினி உண்மையிலேயே வெளியுலகைத் தொடுகிறது என்பது அதனால் உறுதியாயிற்று.

அதன்பின் பெயர்களைப் பார்த்தார். நாம் உலாவியில் எழுதும் தளப் பெயரை எண்களாலான முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ் என்னும் முறை. 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த இந்த முறையின் மீதுதான் இன்றைய இணையம் முழுவதும் நிற்கிறது. இணைப்பு இருந்தும் தளங்கள் திறக்காத கணினிகளில் இது மிகவும் வழமையான காரணம் என்பதால் அவர் இதில் நேரம் எடுத்துக்கொண்டார். எண் முகவரிக்குப் பதில் வந்து, பெயருக்குப் பதில் வராவிட்டால், குற்றம் டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. அந்த அமைப்பைத் தீய நிரல்கள் மாற்றிவிடுவதும் உண்டு. டிஎன்எஸ் சேஞ்சர் என்ற நிரல் உலகெங்கும் இலட்சக்கணக்கான கணினிகளின் பெயர்ச் சேவையக முகவரியைத் திருடர்களின் சேவையகத்துக்கு மாற்றியிருந்தது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்த பின்னர், பாதிக்கப்பட்டவர்களின் இணையம் உடனே அறுந்துபோகாமல் இருப்பதற்காகத் தற்காலிகச் சேவையகங்கள் இயக்கப்பட்டன. 2012 ஜூலை 9இல் அவை நிறுத்தப்பட்டபோது, அதுவரை சுத்தம் செய்யப்படாதிருந்த கணினிகள் இணைப்பு இருந்தும் தளம் திறக்காத நிலைக்கு வந்தன. எங்கள் கணினியிலோ பெயருக்கும் ஒழுங்காகப் பதில் வந்தது. பலர் இந்த இடத்தில் டிஎன்எஸ் முகவரியை மாற்றிப் பார்ப்போம் என்று கையை வைத்துவிடுவார்கள். அவர், “பெயர் ஒழுங்காகத் தானே வருது, அதைத் தொடத் தேவையில்லை” என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். இந்த ஒழுக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கணினியின் திகதியையும் நேரத்தையும் ஒரு பார்வை பார்த்தார். தாய்ப்பலகையிலுள்ள சிறிய நாணய வடிவப் பற்றரி செத்துவிட்டால் கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும்; அப்போது, தளம் உண்மையானதுதான் என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை என்று உலாவி மறுத்துவிடும். எங்களுடையதில் நேரம் சரியாக இருந்தது.

பழுது புறொக்ஸி அமைப்பில் இருந்தது. உலாவி தளத்திடம் நேரே போகாமல் இன்னொரு நிரல் அல்லது சேவையகம் வழியாகப் போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பு அது. எங்கள் கணினியில் அது இயங்கு நிலையில் இருந்தது. அதில் எழுதப்பட்டிருந்த முகவரி 127.0.0.1. இது எந்தக் கணினியிலும் அந்தக் கணினியையே குறிக்கும் முகவரி. அதாவது, உலாவி ஒவ்வொரு தளத்தையும் கேட்பதற்கு இதே கணினிக்குள் இருக்கும் ஏதோ ஒரு நிரலிடம் போகும்படி பணிக்கப்பட்டிருந்தது. அந்த நிரலை வைரஸ் கார்ட் அகற்றிவிட்டது. பணிப்பு மட்டும் எஞ்சியிருந்தது. குரோம், எட்ஜ் இரண்டும் விண்டோஸின் புறொக்ஸி அமைப்பையே பின்பற்றுவதால் இரண்டிலும் ஒரே தோல்வி. பிங் கட்டளை இந்த அமைப்பைப் பொருட்படுத்தாது. அதனால்தான் அதற்குப் பதில் வந்துகொண்டிருந்தது. ஒரு பகுதி நன்றாகவும் மறுபகுதி முற்றாக முடங்கியும் இருந்ததன் காரணம் அத்துடன் விளங்கிவிட்டது.

புறொக்ஸியை நிறுத்தியதும் தளங்கள் திறந்தன. வீட்டார் எல்லோரும் மகிழ்ந்துவிட்டோம். அவர் மகிழவில்லை. கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினார். புறொக்ஸி பழையபடி இயங்கு நிலைக்கு வந்திருந்தது. விண்டோஸ் தொடங்கும்போது தானாக ஓடும் வேலைகளின் பட்டியலைத் திறந்து, அந்த நிரல் விட்டுச்சென்ற ஒரு வேலை ஒவ்வொரு தொடக்கத்திலும் அந்த அமைப்பைத் திருப்பி எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். அதை நீக்கி, மறுபடி இயக்கிப் பார்த்து, பிறகும் ஒருமுறை இயக்கிப் பார்த்து, வீட்டில் உண்மையாகப் பாவிக்கும் தளங்களான ‘நூலகம்’ என்னும் மின்னூலகம், பரீட்சைத் திணைக்களத் தளம், வங்கித் தளம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிய பின்னரே எழுந்தார். முதல் தடவை தளம் திறந்ததும் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருந்தால் அடுத்த நாள் காலையில் பழுது திரும்பி வந்திருக்கும்.

அந்த நிரல் எப்படி வந்தது என்பதையும் அவர் விடாமல் தேடினார். அது விட்டுச்சென்ற கோப்பின் திகதி 2022 ஏப்ரல் தொடக்கத்தைக் காட்டியது. பொருளாதார நெருக்கடிப் போராட்டங்களின்போது, 2022 ஏப்ரல் 3ஆம் திகதி இலங்கையில் பேஸ்புக், வட்ஸ்அப், யூரியூப் உள்ளிட்ட சமூக ஊடகங்கள் தடை செய்யப்பட்டன. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுடன் கதைப்பதற்காக எத்தனையோ வீடுகளில் அன்று கையில் அகப்பட்ட இலவச விபிஎன் நிரல்களை (தடையைச் சுற்றிப்போக வேறொரு சேவையகம் வழியாக இணைப்பை அனுப்புபவை) ஏற்றினார்கள். தடை அன்றைய தினமே நீங்கிவிட்டது. நிரல்கள் கணினிகளில் தங்கிவிட்டன.

போமற் செய்யும் யோசனைக்கு நான் ஏன் இவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறேன் என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. போமற் செய்திருந்தாலும் தளங்கள் திறந்திருக்கும்; அதை மறுக்க முடியாது. ஆனால் 2022இலிருந்து எங்கள் வீட்டு உலாவிப் போக்குவரத்து யாரென்று தெரியாத ஒருவருடைய நிரல் வழியாகப் போய்வந்தது என்பது எங்களுக்கு ஒருபோதும் தெரியவந்திராது. அதை அறிந்தபடியால்தான் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் ஆகியவற்றின் கடவுச்சொற்களை, அதே கணினியில் அல்லாமல் கைபேசியிலிருந்து, உடனடியாக மாற்றும்படி அந்த இளைஞர் சொன்னார், நாங்களும் மாற்றினோம். நிரல் தனக்கென ஏதேனும் போலிச் சான்றிதழை விண்டோஸில் பதிந்து வைத்திருக்கிறதா என்றும் பார்த்தார். அப்படி எதுவும் இருக்கவில்லை.

குறைகளும் உண்டு. பின்னேரம் வருவதாகச் சொன்னவர் பொழுதுபட்ட பின்னரே வந்தார். தாமதத்தை அறிவிக்க ஓர் அழைப்பும் எடுக்கவில்லை. பற்றுச்சீட்டில் கணினித் திருத்தம் என்று ஒரே வரிதான் இருந்தது. என்ன பழுது, எதை நீக்கினார், எந்த அமைப்பை மாற்றினார் என்பவற்றை நான் கேட்ட பிறகே ஒரு தாளில் எழுதித் தந்தார். இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்பவர்கள் அதை எழுதிக் கொடுப்பதையும் வழக்கமாக்க வேண்டும். அடுத்த முறை வேறொருவர் வந்து பார்க்கும்போது அந்தத் தாள் பயன்படும். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் தொழிற்சாலையில் போட்டபடியே இருக்கிறதா என்பதையும் நான் சொல்லித்தான் பார்த்தார். அப்படியே இருந்தது, மாற்றிக்கொண்டோம். பணம் கட்ட வேண்டிய ஒரு வைரஸ் கார்ட்டை உரிமம் இல்லாமல் ஏற்றித் தரவா என்று கேட்டது எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. யாரென்று தெரியாதவர் தந்த இலவச நிரலால் வந்த தொல்லையைத் தீர்த்துவிட்டு அதே வகையான இன்னொன்றை ஏற்றுவது பொருந்தாது. மறுத்தபோது வற்புறுத்தாமல், விண்டோஸுடன் வரும் டிபென்டரே போதும் என்று ஒப்புக்கொண்டார்.

எங்கள் கணினி விண்டோஸ் 10இல் ஓடுகிறது. மைக்ரோசொப்ற் அதற்கான பொது ஆதரவை 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது என்பதையும், எங்கள் இயந்திரம் விண்டோஸ் 11இன் தேவைகளுக்குப் போதாது என்பதையும் அவர் ஒளிக்காமல் சொன்னார். கடையில் புதிய கணினிகளும் விற்கிறார்கள். இருந்தும் வாங்குங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாமினிக் கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றி வைத்தால் அடுத்த கணினிக்குப் போவது இலகு என்று மட்டும் சொன்னார். அந்த வேலையைச் சனசமூக நிலையத்தில் தொடங்கியிருக்கிறோம்.

கட்டணம், முதற் கடை போமற் செய்வதற்குக் கேட்டதை விடக் குறைவு. வீட்டுக்கு வருவதற்கும் வேலைக்கும் தனித்தனியாக அறவிடுகிறார்கள். யாழ்ப்பாண நகரத்தை விட்டுத் தூரப் போகப் போக வருகைக் கட்டணம் கூடும் என்பதால் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. அதே பழுது ஒரு மாதத்துக்குள் திரும்பினால் பணம் வாங்காமல் வந்து பார்ப்பதாகச் சொல்கிறார்கள். காலையில் அழைத்தால் ஆறுதலாகக் கதைக்கிறார்கள். பின்னேரத்தில் கடை நெரிசலாக இருப்பதால் தொலைபேசியில் விபரம் கேட்க அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. நல்லூர்த் திருவிழா நாள்களில் கோயிலைச் சூழவுள்ள வீதிகள் மூடப்படுவதால் அந்தப் பக்கத்து வீடுகளுக்கு வருவதில்லை. அக்காலத்தில் கணினிப் பெட்டியை மட்டும் கடைக்குக் கொண்டுபோனால் போதும், திரையும் விசைப்பலகையும் அங்கேயே இருக்கின்றன.