வெள்ளத்தில் மூழ்கிய காரைப் பாலிஷ் போட்டு விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

சேலத்தில் ஒரு கார் கன்சல்டிங்கில் 2014 மாடல் வேகன் ஆர் ஒன்றை 1,90,000 ரூபாய்க்கு வாங்கினேன். சென்னைப் பதிவு எண், சிங்கிள் ஓனர், பெட்ரோல் வண்டி. ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் மாற்றுவதெல்லாம் எனக்குப் பழகிய வேலை. பழைய வண்டியாக வாங்கி வீட்டிலேயே சர்வீஸ் செய்துகொண்டால் செலவு கட்டுக்குள் இருக்கும் என்பது கணக்கு. ஓட்டிப் பார்த்தபோது இன்ஜின் சத்தம் சுத்தமாக இருந்தது, ஏசி குளிர்ந்தது, பாடியில் அடிபட்ட தடமே இல்லை. "வண்டியில ஒரு குறையும் கிடையாது சார்" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீருக்குள் நின்ற வண்டி அது என்பதை மட்டும் மறைத்துவிட்டார்.

சர்வீஸைத் தொடங்கியதும் குட்டு உடைந்தது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் இன்ஜின் ஆயில் பொன்னிறமாக இருந்தது. புது ஆயில் ஊற்றித்தான் விற்றிருக்கிறார்கள். ஆனால் கியர்பாக்ஸ் ஆயிலை யாரும் தொடவில்லை. டிரெயின் போல்ட்டைத் திறந்ததும் பால் ஊற்றிய காபி நிறத்தில் இறங்கியது. தண்ணீர் கலந்தால்தான் ஆயில் அப்படி வெளுக்கும். கியர்பாக்ஸில் காற்று போய்வர ஒரு சின்ன பிரீதர் துளை இருக்கும். வண்டி மூழ்கினால் தண்ணீர் அது வழியாக உள்ளே போய்விடும்.

சந்தேகம் வந்தபின் டிரைவர் சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றிச் சீட்டைத் தூக்கினேன். மேலே புது சீட் கவர், கீழே சீட் நகரும் தண்டவாளம் முழுக்கத் துரு. கார்ப்பெட்டை உரித்தால் அடியில் இருந்த பஞ்சு இன்னும் ஈரமாக இருந்தது, இரும்புத் தளத்தின் மடிப்புகளில் வண்டல் காய்ந்து ஒட்டியிருந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு வயரிங் கனெக்டரைப் பிரித்தால் பின்கள் பச்சை பூத்திருந்தன. பவர் விண்டோ சில நேரம் வேலை செய்யாமல் நின்றதற்கும், ஒரு ராத்திரி ஹாரன் தானாகவே அடித்ததற்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது. ஹாரனாவது பரவாயில்லை. நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் இன்ஜின் அணைந்தால் என்ன ஆகும்? என் குழந்தைகளை உட்கார வைத்து ஓட்டிய வண்டி அது. எனக்குப் போன பணத்தைவிட இதுதான் அதிகம் கொதிக்கிறது.

கடையில் போய்க் கேட்டால், "நீங்க தண்ணி விட்டுக் கழுவியிருப்பீங்க" என்றார்கள். கழுவும் தண்ணீர் கியர்பாக்ஸுக்குள் போகாது என்று சொன்னதும் பேச்சு தடித்தது. அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை.

ஆர்.சி.யில் இருந்த பழைய உரிமையாளரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவர் நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை. வண்டி மூழ்கியதும் இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ் போட்டுப் பணம் கொடுத்துவிட்டார்களாம், வண்டி ஏலத்துக்குப் போய்விட்டதாம். பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். பத்து வருடப் பழைய வண்டிக்கு ஐ.டி.வி.யே குறைவு என்பதால் உள்ளே தண்ணீர் புகுந்தாலே அந்த எல்லை வந்துவிடும். ஏலத்தில் மலிவாக எடுத்து, டீட்டெயிலிங் செய்து, வேறு ஊரில் விற்றால் கொள்ளை லாபம். வண்டி இன்னும் தன் பெயரில்தான் இருக்கிறது என்று கேட்டு அவரும் பதறிப்போனார். பதற வேண்டியதுதான். விபத்து நடந்தால் பதிவேட்டில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது.

கடையில் எனக்குக் காட்டிய பாலிசி வெறும் தேர்ட் பார்ட்டி, அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும்தான். அதற்கு முந்தைய பாலிசி "கிடைக்கல" என்றார்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. நம் வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் முழு பாலிசியில், கிளைம் செய்யாத வருடங்களுக்குத் தரும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். பல வருடம் ஓடிய வண்டிக்கு அது திடீரென்று பூஜ்யமாகியிருந்தால் ஏதோ கிளைம் நடந்திருக்கலாம், என்னவென்று கேளுங்கள். பழைய பாலிசி நகலைக் கொடுக்காத இடத்தில் வண்டியைப் பார்க்கவே வேண்டாம் என்பேன்.

வண்டியைப் பார்க்கும்போது சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருக்கும் பகுதியைப் பெரும்பாலும் யாரும் துடைப்பதில்லை, சேற்றுக் கோடு அதில் தங்கிவிடும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடிக்குழியைப் பாருங்கள், ஹெட்லைட்டுக்குள் நீராவி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போடாமல் கொஞ்ச நேரம் உள்ளே உட்காருங்கள். சென்ட் வாசனை தூக்கலாக அடித்தால், ஈர நாற்றத்தை மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். அப்புறம், பழைய வண்டி வாங்கி விற்கும் கடைகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி இருக்கிறது. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். எனக்கு விற்ற கடையில் அது இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கியர்பாக்ஸ் ஆயிலை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்திருக்கிறேன், ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும்போது எடுத்த போட்டோக்களும் கடைக்காரரின் வாட்ஸ்அப் செய்திகளும் இருக்கின்றன. இதே மாதிரி வண்டியை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் எதையும் கழுவித் துடைப்பதற்கு முன்னால் படம் எடுத்துவிடுங்கள்.