ஈஸ்ட்எண்டர்ஸ் பார்க்கலாமா?

இந்தியச் சீரியல் பார்த்துப் பழகிய எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு பிபிசியின் ஈஸ்ட்எண்டர்ஸ் முதலில் சப்பென்றுதான் இருக்கும், ஏனென்றால் கன்னத்தில் ஒரு அறை விழுந்தால் அதை மூன்று தரம் திருப்பிக் காட்டுவதில்லை, பின்னணியில் இடி இடிப்பதும் இல்லை. 1985 பெப்ரவரியில் தொடங்கியது, இன்னும் ஓடுகிறது.

கதை நடக்கும் வோல்ஃபோர்ட் கற்பனை ஊர். எல்லோரும் ஒரே சதுக்கத்தில் குடியிருந்து குயீன் விக் என்ற ஒரே தவறணையில் கூடுவதால் எந்த இரகசியமும் கடைசியில் அங்கேதான் உடையும். 1994இல் கிராண்டின் மனைவி ஷரோன், அவனுடைய அண்ணன் ஃபில்லோடு இருந்த தொடர்பைத் தோழியிடம் சொன்னது ஒலிநாடாவில் பதிவாகிவிட, கிராண்ட் அதைக் கண்டெடுத்து, ஃபில்லின் நிச்சயதார்த்தக் கொண்டாட்டத்தில் சனம் நிறைந்திருக்கும்போது போட்டுவிடுகிறான். எங்கள் ஒழுங்கையில் இப்படி நடந்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுவிடும். இவர்கள் திரும்பவும் அதே தவறணைக்குத்தான் வருகிறார்கள்!

இன்னும் பழசு வேண்டுமென்றால் டென், ஆஞ்சி கதை. புருஷனைப் பிடித்து வைக்க ஆறு மாதம்தான் உயிரோடிருப்பேன் என்று ஆஞ்சி பொய் சொல்ல, அதைக் கண்டுபிடித்த டென் 1986 நத்தாரன்று விவாகரத்துப் பத்திரத்தை நீட்டுகிறான். அதைப் பார்த்தவர்கள் 3 கோடிக்கு மேல்.

செத்தவர்கள் திரும்பி வருவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 1989இல் போன டென் 2003இல் சாவகாசமாக நடந்து வருகிறான், சரி, விடுவோம். கிழக்கு லண்டன் உச்சரிப்பு கடினம், சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள்.