கஜுப்பழச் சாறு தெளிய: சவ்வரிசியா, சவ்வா?

மட்டக்களப்பின் வாகரைப் பக்கம் கஜு (முந்திரி) காலத்தில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவது வழக்கம். மத்தியானத்துக்குள் புளித்த வாடை கிளம்பிவிடும். தோடம்பழத்தைவிட நாலைந்து மடங்கு வைட்டமின் சி உள்ள பழம். ஆனால் அதைப் பிழிந்து ஒரு வாய் குடித்தவர் இரண்டாம் வாய் கேட்பதில்லை. நாக்கை இழுத்துப் பிடிக்கும், தொண்டை கரகரக்கும். பெரும்பாலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் செய்கிற வேலை. அதனால் இந்தச் சாற்றைத் தெளிவிப்பது கண்ணுக்காக மட்டும் இல்லை, தொண்டைக்காகவும்தான்.

வீட்டு வழி சவ்வரிசி. ஒரு லீற்றர் சாற்றுக்கு 5 கிராம் போதும். பொடித்து, கொஞ்சத் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியதும் கலக்கிவிட வேண்டும். நான் கண்ணாடிக் குவளையில் செய்து பார்த்தேன். முதலில் பால் திரைந்தது போலப் பூப்பூவாகக் கட்டியது. விடியும்போது அடியில் மஞ்சள் சேறு, மேலே வைக்கோல் நிறத்தில் சாறு. கரகரப்பும் நன்றாகவே குறைந்திருந்தது. குறை என்னவென்றால், அந்தச் சேற்றோடு கணிசமான சாறும் போய்விடும். நம்மூர் வெக்கையில் இரவு முழுக்க வெளியே வைத்தால் புளிக்கவும் தொடங்கும்.

ஜெலட்டின் டானினை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். பிரேசிலின் கஜுயீனா பானம் அப்படித்தான் தெளிவிக்கப்படுகிறது. ஆனால் முஸ்லிம்கள் நிறைந்த ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் போத்தலை நீட்டினால் முதல் கேள்வியே அது எந்த மிருகத்தின் ஜெலட்டின் என்பதாக இருக்கும். சைவக்காரரும் தொடமாட்டார். எனக்கு அது சரிவராது.

அப்புறம் சவ்வு வடிகட்டல், அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ள மெல்லிய படலத்தால் வடிப்பது. துணியில் ஊற்றிப் பிழிவது போல இல்லை. சாறு சவ்வின் மேலால் வேகமாக ஓடும், தெளிந்தது மட்டும் பக்கவாட்டில் கசியும். 0.2 மைக்ரான் துளை என்றால் சதைத் துணுக்கு, ஈஸ்ட், பெரும்பாலான பாக்டீரியா எல்லாம் நின்றுவிடும். அதைவிட நுண்ணிய அல்ட்ரா சவ்வு பெக்டினையும் (பழத்தின் பசைப் பொருள்) புரதத்தையும் பிடிக்கும். வைட்டமின் சி மூலக்கூறு மிகச் சிறியது, சர்க்கரையும் சிறியது. இரண்டும் தாராளமாகக் கடந்து போகும். சூடாக்கத் தேவையில்லாததால் வாசமும் தங்கும். தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. சவ்வை இதற்குப் போடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். போட்டால் சர்க்கரையும் வைட்டமினும் உள்ளேயே நின்றுவிடும், வெளியே வருவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்!

சவ்வின் பக்கம் என்னை இழுப்பது தெளிந்த சாறு அல்ல, மிஞ்சுவதுதான். பழத்தின் மஞ்சளுக்குக் காரணமான கரோட்டினாய்டு சதைத் துணுக்கோடு ஒட்டிக்கொண்டு பின்னால் தங்கும். அதில் தண்ணீர் விட்டுத் திரும்ப வடித்தால் சர்க்கரை கழன்று, அடர்ந்த மஞ்சள் குழம்பு கிடைக்கும். உணவுக்கு நிறமாகப் பயன்படும். சவ்வரிசி வழியில் இதே மஞ்சள் நிறம் சவ்வரிசி மாவோடு கலந்து குப்பைக்குத்தான் போகிறது.

ஆனால் சவ்வு அடைத்துக்கொள்ளும். பெக்டினும் டானினும் புரதமும் சேர்ந்து அதன் மேல் பாகாகப் படியும். ஆரம்பத்தில் நன்றாக வரும் சாறு போகப் போகச் சொட்டாகும். இன்னொன்று, சின்ன டானின் மூலக்கூறுகள் துளை வழியே தப்பிவிடுவதால் சவ்வு மட்டும் கரகரப்பை முழுதாகத் தீர்க்காது. எனவே சவ்வரிசியைக் கைவிட முடியாது. ஒரு பங்கு சாற்றைச் சதையோடு மஞ்சளுக்காக நேரே சவ்வுக்கு அனுப்பி, வெளிவரும் தெளிந்த சாற்றைச் சவ்வரிசிக் கஞ்சியில் போடலாம். மற்றதற்கு முதலில் கஞ்சி, பிறகு மெல்லிய துணி, கடைசியில் சவ்வு.

பொலிமர் குழல் சவ்வு மலிவு. சில வருடத்தில் மாற்ற வேண்டும், சதை அதிகமானால் குழல் அடைக்கும். பீங்கான் சவ்வு சூடான கோஸ்டிக் சோடாக் கழுவலையும் தாங்கி நீண்ட காலம் உழைக்கும், விலைதான் எட்டாது. இரண்டு மூன்று மாதக் கஜுவுக்காக மட்டும் பீங்கான் வாங்கச் சொல்ல மாட்டேன். கஜு ஓய்ந்தபின் விளாம்பழமும் வத்தகப்பழமும் அதே இயந்திரத்தில் ஓடும் என்றால் கணக்கு வேறு.