கவரிங் லெட்டர்: மாதிரியைப் பார்த்து எழுதுவதா, வேலையைப் பார்த்து எழுதுவதா?

பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ ஒரு பிரவுசிங் சென்டரில் போய்க் கவரிங் லெட்டர் வேண்டும் என்று கேட்டால், ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருக்கும் கடிதத்தில் பெயரையும் தேதியையும் மாற்றி, பயோடேட்டாவுக்கு மேல் வைத்து அச்செடுத்துக் கொடுப்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இந்தக் கடிதத்தை நம்பித்தான் விண்ணப்பிக்கிறார்கள். விளம்பரத்தைப் படித்து, அந்த வேலைக்கென்றே தாமாக எழுதுவது இன்னொரு வழி. இரண்டையும் ஒரே வேலைக்கு வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும்.

வள்ளியூர்ப் பக்கம் காற்றாலைப் பராமரிப்புக்கு டெக்னீஷியன் தேவைப்படுகிறது, டிப்ளமோ முடித்த ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதிரிக் கடிதம் இப்படித் தொடங்கும்: "தங்கள் மேலான நிறுவனத்தில் காலியாக உள்ள பணியிடத்திற்கு விண்ணப்பிக்கிறேன். நான் கடின உழைப்பாளி; எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன்." இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால், ஜவுளிக்கடைக் கணக்கர் வேலைக்கும் இதையே ஓர் எழுத்துகூட மாற்றாமல் அனுப்பலாம்.

வேலையைப் பார்த்து எழுதுபவர் இப்படித் தொடங்குவார்: "காற்று சீசனுக்கு முன்பு, சென்ற மார்ச்சில், பணகுடி அருகே ஆறு காற்றாலைகளில் போல்ட் இறுக்கம் சரிபார்த்த குழுவில் உதவியாளராக இருந்தேன். ஒவ்வொரு போல்ட்டின் அளவையும் பதிவேட்டில் எழுதியது நான்தான். உயரம் ஏறிப் பழக்கம் உண்டு." ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று வலுத்து வீசும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் ஓர் இயந்திரம் நின்றுபோனால் முதலாளிக்கு எவ்வளவு இழப்பு என்பதை அறிந்தவர் எழுதிய கடிதம் இது என்று, படிப்பவருக்கு இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிடும்.

இந்த முறை புதிதன்று. லியொனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலான் நகர ஆட்சியாளரிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தில், எளிதில் எடுத்துச் செல்லக்கூடிய பாலம், பீரங்கி, கோட்டை முற்றுகைக் கருவிகள் என்று போர்ப் பொறியியலையே வரிசையாக முன்வைத்து, ஓவியம் வரையத் தெரியும் என்பதைக் கடைசியில்தான் சொன்னார். அந்த ஆட்சியாளருக்கு அப்போது போர்தான் தலையாய கவலை.

மாதிரிக் கடிதத்துக்கும் ஓர் இடம் உண்டு. பள்ளி, கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும்போது அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, இணைப்பு என்ற ஒழுங்கைப் பலர் எதிர்பார்ப்பார்கள். அந்தச் சட்டகத்தை மாதிரியிலிருந்து எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. நேரமும் மிச்சமாகும். ஆனால் உள்ளே வரும் இரண்டு பத்திகளையும் கடன் வாங்கினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டு அறிந்தேன். படிப்பு முடித்த ஆண்டில் சீனியர் அண்ணன் ஒருவரின் கடிதத்தைப் பார்த்து எழுதி, சென்னை நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினேன். கடைசிப் பத்தியில் அவர் விண்ணப்பித்திருந்த வேறொரு நிறுவனத்தின் பெயர் அப்படியே இருந்ததை, பதிலுக்குக் காத்திருந்து இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். அந்த வேலையை நான் மிகவும் விரும்பியிருந்தேன்.

நான் அன்று காப்பியடித்ததற்குக் காரணம் சோம்பல் அன்று, ஆங்கிலத்தின் மேல் இருந்த அச்சம். தமிழ்வழியில் படித்த பலருக்கும் இதுவே தடை என்பதை, பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத உதவும்போது தொடர்ந்து பார்க்கிறேன். அவர்களிடம், "நீ செய்த வேலையை உன் அக்காவிடம் சொல்வதுபோல் முதலில் தமிழில் எழுது" என்பேன். அப்படி எழுதியதைச் சிறுசிறு ஆங்கில வாக்கியங்களாக மாற்றுவது கடினமன்று. அந்த எளிய ஆங்கிலம், மாதிரிக் கடிதத்தின் அலங்கார ஆங்கிலத்தைவிட நம்பும்படியாக இருக்கும். செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்குவதும், செய்த வேலையின் விவரத்தை நாம் கொடுக்காதவரை, மாதிரிக் கடிதத்தில்தான் முடியும்.

ஐம்பது இடங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிட, ஐந்து இடங்களுக்குத் தனித்தனியாக எழுத ஐந்து மாலைப் பொழுதுகளைச் செலவிடுவதே மேல் என்பது என் முடிவு. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அனுப்பும் முன் நிறுவனத்தின் பெயரை மட்டும் மறைத்துவிட்டு, அது எந்த வேலைக்கான கடிதம் என்று வீட்டில் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவரால் சொல்ல முடியவில்லை என்றால் முதல் பத்தியைத் திரும்ப எழுதுங்கள்.