இடது பக்கம் எரியாத பி.எஸ்.ஏ

மூன்று வாரம் இலங்கை மலைநாட்டில் எங்கள் ஊரில் இருந்துவிட்டு பர்மிங்காம் திரும்பியிருக்கிறேன். விமானம், கட்டுநாயக்காவிலிருந்து வேன், பேங்க் வேலை, அம்மாவின் கண் செக்கப் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவின் பி.எஸ்.ஏ பைக்தான் ஒரு வாரத்தைத் தின்றது. அதைச் சொல்லாமல் எனக்கு மனசு ஆறாது.

ஏ7 மாடல், 1954இல் செய்தது, 497 சிசி, இரட்டை சிலிண்டர். 1975இல் கம்பெனித் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது எங்கள் தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்துரை சீமைக்குக் கிளம்பினார். போகும்போது பேக்டரியில் இஞ்சின் டிரைவராக இருந்த அப்பாவுக்கு வண்டியை விற்றுவிட்டுப் போனார். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிற ரோட்டுக்கும் ஏ7 என்றுதான் பேர். "ஏ7 ரோட்டுக்கு ஏ7 வண்டி" என்று அப்பா சொல்லாத நாளில்லை. அந்த வண்டி பிறந்த ஸ்மால் ஹீத் இப்போது எனக்குப் பக்கத்து ஏரியா. 1973இல் கம்பெனியே நொடித்துப் போய்விட்டது. அப்பா இருந்தபோது ஒருநாள் அந்தப் பக்கமாக நடந்துபோய், பழைய பேக்டரி இருந்த இடத்துக்கு எதிரே நின்று அவருக்கு போன் எடுத்தேன். "அங்க என்னா தெரியுது?" என்று மூன்று தடவை கேட்டார்.

அப்பாவின் திவசத்துக்குத்தான் போயிருந்தேன். வண்டியில் ஏறித் தலவாக்கலை வரை ஒரு சுற்றுப் போய்வர வேண்டும் என்று ஆசை. தம்பி சாக்கைப் போட்டு மூடி, பத்திரமாகத்தான் வைத்திருந்தான். மூன்றாவது உதையில் பிடித்தது. ஆனால் சத்தம் சரியில்லை. இந்த வண்டியில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். வலது, இடது, வலது, இடது என்று மாறி மாறி எரிந்து ஒரே தாளமாக ஓட வேண்டும். அதில் ஒரு அடி விட்டு ஒரு அடி காணாமல் போயிருந்தது. அடுப்படியிலிருந்து அம்மா சொன்னார்: "ஒங்கப்பா வண்டி நொண்டுதேடா."

டவுனில் ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டோம். பையன்கள் நல்ல பையன்கள்தான், மரியாதையாகப் பேசினார்கள். ஆனால் ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பார்க்காமல் "காபரேட்டர் போச்சு" என்றான் ஒருவன். இந்த வண்டிக்கு இருப்பது ஒரே ஒரு ஏமல் காபரேட்டர், இரண்டு சிலிண்டருக்கும் அதிலிருந்துதான் பெட்ரோல் போகிறது, அது கெட்டால் இரண்டு பக்கமும் கெட வேண்டாமா என்று கேட்டேன். "மலைக்காத்து அண்ணே, மெல்லிசு. சின்ன ஜெட் போடணும்" என்றான். ஜெட் என்றால் காபரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற சின்னத் துளை; காற்று குறைந்தால் பெட்ரோலையும் குறைக்க வேண்டுமாம். காற்று மெல்லிசுதான். ஹட்டன் 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் அதே காற்றைத்தான் வலது சிலிண்டரும் குடிக்கிறது. ஐம்பது வருசமாகக் குடிக்கிறது!

நான்கு நாள் போனது. தினமும் "நாளைக்கு". ஜெட்டை மாற்றினார்கள், புது பிளக் இரண்டு போட்டார்கள், பிளக் தொப்பி இரண்டையும் மாற்றினார்கள். 18,500 ரூபாய். காசுக்காக நான் கோபப்படவில்லை. என்ன பார்த்தீர்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பர்மிங்காமில் என் காரை சர்வீசுக்கு விட்டால், எதை எதைச் சோதித்தோம் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் தருகிறான். அந்தத் தாளை நான் இதுவரை மடித்துப் பையில் போட்டதோடு சரி. ஊரில்தான் அதன் அருமை தெரிந்தது.

மத்தியான வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு கொட்டகலை வரை வந்தோம். நன்றாகவே ஓடியது. எனக்கே சந்தோசமாக இருந்தது. பத்தனைச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் மூட்டம் இறங்கியது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, இடது பக்கம் செத்தது. ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றபோது கண் கலங்கிவிட்டது. அப்பா காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் பேக்டரியில் ஒரு ஃபிட்டர் இருப்பார். கடைசல் மெசின் இருக்கும், இல்லாத சாமானை அவரே கடைந்து தருவார். இப்போது யாரிடம் போவது?

தேத்தண்ணிக் கடைக்காரர்தான் வழி காட்டினார். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. உள்ளே எழுபது தாண்டிய ஒரு பெரியவர், பேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்பேனரைத் தொடவில்லை.

"எப்ப மிஸ்ஸிங் ஆகுது தம்பி? வெயில்லயா, மூட்டத்துலயா?"

நான்கு நாளில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஒரு குவளைத் தண்ணீரில் விரலை நனைத்து, சிலிண்டரிலிருந்து இறங்குகிற இரண்டு சைலன்சர் குழாயிலும் தெறித்தார். வலதில் சுர்ரென்று ஆவியானது. இடதில் சொட்டு அப்படியே உருண்டு கீழே விழுந்தது. இரண்டு பிளக்கையும் இடம் மாற்றினார். அப்போதும் இடதுதான் செத்தது, ஆக பிளக் குற்றவாளி இல்லை. கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி இரண்டு பக்கத்து அமுக்கத்தையும் பார்த்தார், சமமாக இருந்தது. புதுத் தொப்பி இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தார். "உள்ளுக்குள்ள ரெசிஸ்டர் இருக்கு. மேக்னெட்டோவுக்கு இது வேணாம்." பேட்டரி இல்லாமலே பிளக்குக்கு நெருப்பு உண்டாக்குகிற கருவிதான் மேக்னெட்டோ.

அப்புறம் அவர் விளக்கியது என் காதிலேயே நிற்கிறது. லூக்காஸ் மேக்னெட்டோவில் ஒரே கொயில்தான் இரண்டு பக்கத்துக்கும் நெருப்புக் கொடுக்கிறது. வலது ஒழுங்காக எரிந்தால் கொயில் நல்லது, கண்டென்சர் நல்லது, கரண்டை வெட்டி நெருப்பை எழுப்புகிற பொயின்ட்டும் வேலை செய்கிறது. அப்படியானால் கோளாறு இடது பக்கத்துக்கு மட்டும் சொந்தமான வழியில்தான் இருக்க வேண்டும்: கொயிலின் நெருப்பை வாங்குகிற கரி பிரஷ், அதைப் பிடித்திருக்கும் பிக்கப், அங்கிருந்து பிளக்குக்குப் போகிற வயர். "அந்த முழ நீளத்துக்குள்ளதான் தம்பி இருக்கு. வேற எங்கயும் தேட வேணாம்."

பொழுது சாய்ந்திருந்தது. தகரக் கதவைச் சாத்தி பல்பை அணைத்தார். வண்டி இருட்டில் ஓடிக்கொண்டிருந்தது. "இப்பப் பாருங்க" என்று மேக்னெட்டோவின் இடது பக்கத்தைக் காட்டினார். பிக்கப்பின் கறுப்புப் பிளாஸ்டிக் மேல் நீல நிறத்தில் ஒரு புழு நெளிந்தது. நூல் கனம்தான். பிக்கப்பின் கழுத்தில் தொடங்கி மேக்னெட்டோவின் உடம்பைத் தொட்டு, நின்று, மறுபடி நெளிந்தது. பிளக்குக்குப் போக வேண்டிய நெருப்பெல்லாம் அங்கேயே வடிந்துகொண்டிருந்தது. நானும் தம்பியும் மூச்சுக்கூட விடாமல் பார்த்தோம்.

கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். மயிரிழை விரிசல் ஒன்று, அதன் வழியே கரி படிந்து பென்சில் கோடு போலக் கறுப்பு. வெயிலில் காய்ந்திருக்கும்போது அது சும்மா இருக்கும்; மூட்டத்தின் ஈரம் ஏறினால் நெருப்புக்கு அதுவே குறுக்குவழி. மலைநாட்டு வண்டிகளுக்கு வருகிற வியாதி இது என்றார். பிஸ்கட் டின் ஒன்றைக் கவிழ்த்துத் தேடி, எந்தக் காலத்திலோ ஒரு ட்ரயம்ப்பிலிருந்து கழற்றி வைத்த பிக்கப்பை எடுத்தார். அதே மேக்னெட்டோ அந்த வண்டிகளிலும் உண்டாம். பென்சில் நுனியில் துணியைச் சுற்றி, பெட்ரோலில் நனைத்து, பிக்கப் இருந்த ஓட்டைக்குள் விட்டு, என்னைக் கிக்கரை மெல்லச் சுற்றச் சொல்லி கரி பிரஷ் உரசுகிற வளையமான ஸ்லிப் ரிங்கைத் துடைத்தார். துணி கன்னங்கரேலென்று வந்தது. மூன்றாவது துணி வெள்ளையாக வந்த பிறகுதான் விட்டார். பொயின்ட் இடைவெளியைக் கேஜ் தகட்டால் பார்த்து, பிளக் இரண்டையும் அரை மில்லிமீட்டருக்கு ஒடுக்கினார். சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி பிக்கப்பின் கழுத்துக்கு உறை போல மாட்டிவிட்டார்.

முதல் உதை. குவளைத் தண்ணீரை இந்தத் தடவை நானே தெறித்தேன். இரண்டு பக்கமும் சுர்ரென்றது.

இங்கே ஸ்பெசலிஸ்ட் ஒருவரிடம் பழைய வண்டியின் மேக்னெட்டோவைக் காட்டுவதென்றால் கழற்றித் தபாலில் அனுப்பிவிட்டு ஆறு வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள், நான் விசாரித்துப் பார்த்திருக்கிறேன். நல்ல வேலைதான் செய்வார்கள். ஆனால் இருட்டில் பக்கத்தில் நிறுத்தி "இப்பப் பாருங்க" என்று சொல்ல மாட்டார்கள்.

எவ்வளவு என்று கேட்டேன். 1,500 என்றார். ஐயாயிரம் நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டார். "சாமான் அந்த ஊர்லதானே செஞ்சது? கெடைச்சா ரெண்டு கரி பிரஷ்சும் ஸ்பிரிங்கும் அனுப்புங்க. இன்னும் ரெண்டு பேரு வண்டி நிக்கிது."

பிரஷ் நான்கு, ஸ்பிரிங் நான்கு, பிக்கப் இரண்டு. போன செவ்வாய்க்கிழமை தம்பி பேருக்குப் பார்சல் போட்டுவிட்டேன்.