போர் தண்ணீரில் களை மருந்தா? ஸ்டிக்கரை விட்டு அம்மோனியம் சல்பேட் வாங்குங்கள்

பல்லடம் பக்கம் எங்கள் தென்னந்தோப்புக்குப் போர் தண்ணீர்தான். சோப்பு நுரைக்காது, சொட்டுநீர்க் குழாயின் துளைகளில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். இந்தத் தண்ணீரில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைக் கலந்து அடித்தால் கோரை லேசாக மஞ்சளித்து, அப்புறம் பழையபடி பச்சைக்குத் திரும்பிவிடும். மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பல நேரம் கோளாறு தண்ணீரில்தான். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் மருந்தைப் பிடித்துக்கொண்டால், இலைக்குள் அது சரியாக இறங்காது.

இதற்கு உரக்கடை அம்மோனியம் சல்பேட்டே போதும். சீனி மாதிரி இருக்கும் அதே உரம்தான்; கீழே உப்பு என்று சொல்வதும் இதைத்தான். சல்பேட் கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்; அம்மோனியம் மருந்து இலைக்குள் போக உதவும். லிட்டருக்கு 20 கிராம், அதாவது 16 லிட்டர் டேங்குக்கு 320 கிராம்.

உரிமம் உள்ள பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள்தான் கிளைபோசேட் அடிக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு உத்தரவு போட்டதிலிருந்து அப்படி ஒருவரைத்தான் கூப்பிடுகிறேன். "அண்ணா, மருந்தை ஊத்திட்டு உப்பைப் போட்டா என்ன, எல்லாம் ஒண்ணுதானே?" என்றார். "இல்லீங்க தம்பி. மருந்து தண்ணியில இருக்கற சுண்ணாம்புகிட்ட, அதான் கால்சியத்துகிட்ட, மாட்டறதுக்கு முன்னாடி உப்பு அதைப் பிடிச்சிரணும். உப்பு முழுசாக் கரையட்டும், அப்புறம் மருந்து."

ஒரு பாத்தியில் மருந்தோடு கடை ஸ்டிக்கர் (மருந்து இலையில் ஒட்டிப் பரவக் கலக்கும் திரவம்) மட்டும், அடுத்ததில் இந்த உப்பு என்று அடித்துப் பார்த்தோம். ஸ்டிக்கர் பாத்தியில் நுனிதான் கருகியது. உப்புப் பாத்தியில் கோரை அடித்தண்டு வரை பழுப்பேறி, இழுத்தால் கையோடு வந்தது. ஸ்டிக்கர் துளியை இலையில் பரப்பும், அவ்வளவுதான். கால்சியத்தை ஒன்றும் செய்யாது. மண்ணுக்குள் உறங்கும் கோரைக் கிழங்கு பிறகு முளைக்கத்தான் செய்யும், அதற்கு இந்த உப்பும் மருந்தல்ல.

குறை என்றால், மூட்டையில் கரையாத துகள் கிடக்கும், நாசிலை அடைக்கும். தனி வாளியில் கரைத்து வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். மழைக்காலத்தில் கட்டிதட்டும். இரும்பை அரிக்கும், அதனால் அடித்த கையோடு டேங்கையும் லான்ஸையும் (தெளிக்கும் குழல்) நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனம்) வாய்க்காலில் கலங்கலாக வரும் தண்ணீருக்கு இது உதவாது. அங்கே மருந்தைப் பிடிப்பது சேறு. தெளிய வைத்துத்தான் எடுக்க வேண்டும். கடையில் அம்மோனியம் சல்பேட் இல்லை, யூரியா போடுங்கள் என்றால் வாங்காதீர்கள். யூரியாவில் சல்பேட் கிடையாது.