பாறையேற்றக் காலணிக்குச் சோல் மாற்றக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பாறையேற்றக் காலணிக்குப் புதிய சோல் போட்டுத் தருவதாக உறுதி சொன்ன ஒரு கடையில் என் ஜோடியைக் கொடுத்து, இனி எந்த ஏற்றத்துக்கும் உதவாத நிலையில் அதைத் திரும்பப் பெற்றேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே நடந்தது வேறு எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது என்பதால், என்ன நடந்தது, எந்த இடத்தில் நான் கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

அந்த ஜோடி மூன்று ஆண்டுகளாக என் காலோடு பழகியது. மேற்புறத் தோல் என் விரல்களின் மடிப்புக்கு ஏற்ப இளகிப் படிந்துவிட்டதால், அதே அளவில் புதியது வாங்கினாலும் அந்தப் பொருத்தம் கிடைக்காது என்று தெரிந்தே சோல் மாற்ற முடிவு செய்தேன். இந்த வகைக் காலணியில் முதலில் தேய்வது கட்டைவிரலுக்குக் கீழே உள்ள உட்புற விளிம்புதான். சோல் பெரும்பாலும் 3.5 முதல் 5 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதற்கு மேலே, காலணியின் முன்மூக்கைச் சுற்றி ஓடும் மெல்லிய ரப்பர்ப் பட்டையை ரேண்ட் என்பார்கள். சோலும் ரேண்டும் சேரும் கோடு தேய்ந்து மறைவதற்குள் சோலை மாற்றிவிட வேண்டும். தாமதித்தால் ரேண்டும் ஓட்டையாகி, வேலையும் செலவும் கூடும். அந்தக் கோடு இன்னும் தெளிவாகத் தெரிந்த நிலையில்தான் நான் கொடுத்தேன். எனவே காலணி ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது என்று பின்னர் அந்தக் கடைக்காரர் சொன்ன சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தக் கடையில் நடைக்காலணிகளுக்கும் தோல் காலணிகளுக்கும் நல்ல வேலை செய்து தருவார்கள். நானே இருமுறை கொடுத்து நிறைவடைந்திருக்கிறேன். அந்த நம்பிக்கையில்தான் இதையும் கொண்டுபோனேன். கடைக்காரர் காலணியைக் கையில் வாங்கி, வளைத்துப் பார்த்து, இதைப் போல எத்தனையோ ஜோடிகள் செய்திருப்பதாகச் சொன்னார். எந்த ரப்பர் போடுவீர்கள் என்று கேட்டபோது, கம்பெனி போடும் அதே ரப்பர்தான், வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது என்றார். அந்த ரப்பர்த் தகட்டைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. இதற்கு முன் செய்த ஒரு ஜோடியைப் பார்க்கலாமா என்றும் கேட்கவில்லை. அவர் எழுதிக் கொடுத்த சீட்டில் ‘சோல் மாற்றம், ஒரு ஜோடி’ என்று மட்டுமே இருந்தது.

திரும்பப் பெற்ற நாளில் பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. விளிம்புகள் வழவழப்பாகச் சாணை பிடிக்கப்பட்டு, முழுவதும் கறுப்பு மை தடவிப் பளபளத்தது. அந்த வழவழப்பே முதல் குறி என்பது எனக்குப் பின்னர்தான் புரிந்தது. பாறையேற்றக் காலணியின் விளிம்பு கூர்மையாக, கத்தரித்த அட்டையின் ஓரத்தைப் போல நிற்க வேண்டும். விரல் நுனி அளவே உள்ள ஒரு சிறு படியில் காலை ஊன்றி நிற்பது அந்தக் கூர்மையால்தான். நடைக்காலணிக்கு அழகு சேர்க்கும் பழக்கத்தில் அதை உருட்டிவிட்டிருந்தார்கள்.

காலில் போட்டதும் இன்னொன்று தெரிந்தது. என் காலணி முன்மூக்கு சற்றுக் கீழ்நோக்கி வளைந்த வகை. குதிகாலைச் சுற்றி இழுத்து ஒட்டப்பட்ட ரப்பரின் விசை விரல்களை முன்னே தள்ளி, அந்த வளைவைத் தக்கவைத்திருக்கும். இப்படிப்பட்ட காலணியைக் கால் வடிவ அச்சுக்கட்டையில் ஏற்றி, அந்த வளைவு மாறாமல் சோலை அழுத்தி ஒட்ட வேண்டும். அங்கே அச்சே இல்லாமல், தட்டையான இரும்பின் மேல் வைத்து அடித்து ஒட்டியிருக்கிறார்கள். வளைவு நிமிர்ந்து, விரல்கள் மடங்காமல் நீண்டு படுத்திருந்தன. சாதாரண வீட்டுச் செருப்பைப் போட்டது போல இருந்தது.

அன்று மாலையே செயற்கைச் சுவரில், எனக்கு நன்கு பழகிய ஓர் எளிய ஏற்றத்தில், வலது கால் மூன்று முறை வழுக்கியது. திரும்பிப் போய்ச் சொன்னபோது, புதிய ரப்பர் பழக நாளாகும் என்றார் கடைக்காரர். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் நான் ஏமாந்தேன். புதிய ரப்பரின் மேற்பரப்பில் மெல்லிய பூச்சோ தூசியோ இருப்பதும், இரண்டு மூன்று நாள் ஏறிய பிறகு பிடிப்பு கூடுவதும் வழக்கம்தான். ஆகவே இரண்டு வாரம் பொறுத்தேன். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தும் பார்த்தேன். இரண்டாம் வார இறுதியில் வெளிப்பாறையில் முன்னணியில், அதாவது கயிற்றைக் கீழிருந்து கொண்டுசெல்லும் முதல் ஆளாக, ஏறிக்கொண்டிருந்தபோது, காலுக்குக் கீழே அகலமான சாய்வில் முழுப் பாதத்தையும் அழுத்தி நின்ற இடத்தில் வழுக்கி விழுந்தேன். கயிறு பிடித்துக்கொண்டது, கணுக்காலில் சிராய்ப்போடு தப்பினேன். ஆனால் அந்தச் சாய்வில் நான் அதற்கு முன் ஒருமுறைகூட வழுக்கியதில்லை.

காரணம் ரப்பர்தான். நடைக்காலணியின் சோல் ரப்பர் தேயாமல் நெடுநாள் உழைப்பதற்காகக் கலக்கப்படுவது. பாறையேற்றத்துக்கான ரப்பர் மென்மையானது. உடல் எடை விழும்போது பாறையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமிழ்ந்து பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அது விரைவில் தேய்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் போரியல் நிறுவனம் ஃபிரே என்ற காலணியை இத்தகைய ஒட்டும் ரப்பரோடு கொண்டுவந்தபோது, அதுவரை ஏற முடியாதென்று விடப்பட்ட வழுக்குச் சாய்வுகளிலும் மக்கள் நிற்கத் தொடங்கினார்கள். பிறகு ஃபைவ் டென் நிறுவனத்தின் ஸ்டெல்த் ரப்பர், வைப்ரம் நிறுவனத்தின் எக்ஸ்எஸ் எட்ஜ், எக்ஸ்எஸ் கிரிப் என ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கலவை வந்தது. எட்ஜ் சற்று விறைப்பானது, சிறு விளிம்புகளில் மடங்காமல் நிற்கும். கிரிப் மென்மையானது, சாய்வில் அப்பிப் பிடிக்கும். ஏறுபவரின் உயிர் நிற்பது இந்தக் கலவையின் மேல்தான். அதன் இடத்தில் நடைக்காலணி ரப்பரைப் போட்டுவிட்டு, அதே ரப்பர் என்று சொல்வதைக் கைத்தவறு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. வெர்னியர் அளவியால் அளந்தபோது முன்பகுதியில் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. இவ்வளவு தடித்த சோலுக்குக் கீழே பாறையின் எந்த உணர்வும் காலுக்கு எட்டாது.

இதற்கிடையில் வலது முன்மூக்கில் சோல் வாய்பிளந்தது. இந்த வேலைக்குப் பயன்படும் சொல்யூஷனை இரு பரப்புகளிலும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, சூடேற்றி, பிறகு ஒரே அழுத்தாக அழுத்திச் சேர்க்க வேண்டும். ஈரத்தோடு சேர்த்தால் உள்ளே கரைப்பான் தங்கி, ஒட்டு ஒருநாளும் முழுப்பலம் பெறாது. பிளந்த இடத்தில் பசை நூல் நூலாக இழுபட்டதைப் பார்த்தபோது அவசர வேலை என்பது விளங்கியது. மறுபடியும் கடைக்குப் போனேன். இம்முறை என்னைக் கேட்காமலேயே, முன்மூக்கைச் சுற்றி ரேண்டின் ஊடாகத் தடித்த நூலால் தைத்துக் கொடுத்துவிட்டார்கள். நடைக்காலணிக்கு இது பலம். பாறையேற்றக் காலணிக்கோ இதுவே முடிவு. பாறையில் உரசும் இடத்தில் நூல் துருத்தி நிற்கும். இரண்டு நாளில் அறுந்துவிடும். ஊசி போட்ட ஒவ்வொரு துளையிலிருந்தும் மெல்லிய ரேண்ட் கிழியத் தொடங்கும். அப்படியே கிழிந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, சீட்டில் எழுதியபடி சோலை மாற்றிக் கொடுத்தாயிற்று என்று மறுத்துவிட்டார். ரப்பரின் பெயரோ தடிமனோ சீட்டில் இல்லாததால் எனக்கு வாதாட ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே கொடுக்கும் முன் ரப்பர்த் தகட்டை நேரில் பார்த்துவிடுங்கள். அதன் வகைப்பெயரையும் தடிமனையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். வெட்டி மிஞ்சும் துண்டைக் காலணியோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நேர்மையானவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். உங்கள் காலணியின் வளைவுக்குப் பொருந்தும் அச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய சோலை எப்படிக் கழற்றுவீர்கள் என்பது இன்னும் நல்ல கேள்வி. பசை இளகும் அளவுக்கு மட்டும் சூடுகாட்டி மெல்ல உரிப்பேன் என்பவருக்கு வேலை தெரியும். குறட்டால் பிடித்து இழுப்பவரின் கையில் ரேண்டும், சில சமயம் உள்ளே விறைப்புக்காக வைத்த அட்டையும் சேர்ந்தே வந்துவிடும். முழுச் சோலா, முன்பாதி மட்டுமா என்பதையும் அவரே கேட்க வேண்டும். பெரும்பாலும் முன்பாதி மாற்றினால் போதும். அதைக் கேட்காமலேயே முழுதையும் உரிக்கத் துணிபவரிடம் கொடுக்காதீர்கள். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் ஒளிப்படம் எடுத்து வையுங்கள். இரண்டு ஜோடி இருந்தால் மோசமானதை முதலில் கொடுத்துப் பாருங்கள்.

அவர் முன்பு செய்த ஜோடி ஒன்றைக் காட்டினால், முன்மூக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சோலும் ரேண்டும் சேரும் கோடு முடியளவு இடைவெளியும் இல்லாமல், ஒரே சீராக ஓட வேண்டும். ரேண்டைச் சாணை தின்றிருக்கக் கூடாது. அங்கே மெலிந்திருந்தால் அடுத்த சோல் மாற்றத்துக்குக் காலணி தாங்காது. புதிய பாதியும் பழைய பாதியும் சேரும் இடம் பாதத்தின் நடுக்குழிவில், கையால் தடவினால் தட்டுப்படாதபடி இருக்க வேண்டும்.

என் இரண்டாம் ஜோடியை, நண்பர் ஒருவர் சொன்னதன் பேரில், வயதான காலணித் தொழிலாளி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் மறுத்தார். இதற்கான ரப்பர் தன்னிடம் இல்லை என்றும், இந்த வளைவுக்கு அச்சும் இல்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். தகட்டை நானே வாங்கி வந்தால், அச்சுக்குப் பதிலாக உள்ளே இறுக்கி அடைத்து வளைவைக் காப்பாற்ற முயல்வதாகவும், முதலில் ஒரு காலணியை மட்டும் செய்து காட்டுவதாகவும் சொன்னார். 4 மில்லிமீட்டர் தகடு வாங்கிக் கொடுத்தேன். ஒன்றைச் செய்துவிட்டு என்னை அழைத்து, போட்டுப் பார்க்கச் சொல்லி, விரல் எங்கே அழுத்துகிறது என்று கேட்ட பிறகே மற்றதைத் தொட்டார். விளிம்பைச் சாணையில் வைக்கும் முன்னும் எவ்வளவு கூர்மை வேண்டும் என்று கேட்டார். அந்த ஜோடியோடுதான் இப்போது ஏறுகிறேன்.

பாழான ஜோடியையும் அவரிடம் காட்டினேன். முன்மூக்கில் வரிசையாகக் கிழிந்திருந்த தையல் துளைகளை விரலால் தடவிப் பார்த்தார். ரேண்டையே புதிதாகப் போட்டாலும் அதை ஒட்டுவதற்கு அடியில் தோல் மிச்சமில்லை என்று சொல்லி, திருப்பிக் கொடுத்துவிட்டார்.